தர்சுவுக்குப் போன மனிதர்



சேகரத்துச் சபைகளிலிருந்து மூப்பர்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழுவினர், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் என்று எல்லாரும் வேலை முடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் ஒரு பயணம் வருகிறது. ஒரே ஒரு வசனம். வாசிக்கும்போது அநேகமாக நிற்காமல் தாண்டிவிடுவோம். இன்றைக்கு அங்கே கொஞ்சம் நிற்போம்.

அந்தியோகியாவில் சபை மளமளவென்று பெருகுகிறது. போய்ப் பார்த்து வரும்படி எருசலேம் சபையார் பர்னபாவை அனுப்புகிறார்கள். யோசே என்பது அவருடைய சொந்தப் பெயர். மனிதரைத் தேற்றுகிற குணம் கண்டு அப்போஸ்தலர்கள் சூட்டிய பெயர்தான் பர்னபா. நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தவர். எல்லாரும் மதிக்கிறவர். அந்தியோகியாச் சபையை அவர் ஒருவரே நடத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ, ஜனங்கள் திரளாகச் சேர்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் புறப்பட்டுத் தர்சுவுக்குப் போகிறார். சவுலைத் தேடிப் போகிறார்.

‘தேடி’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் யோசேப்பும் மரியாளும் உறவின்முறையாரிடம் தேடி அலைந்தார்களே, அதைச் சொல்ல லூக்கா எந்தக் கிரேக்கச் சொல்லை எழுதினாரோ, அதையே இங்கேயும் எழுதுகிறார். பெற்ற வயிறு பிள்ளையைத் தேடுகிற தேடல் அது. கடிதம் போட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை பர்னபா. வழிநெடுக விசாரித்துக்கொண்டு தாமே போனார்.

சவுல் ஏன் தர்சுவில் இருந்தார்? எருசலேமில் அவர் வாதாடினார், எதிரிகள் கொலை செய்ய வழி பார்த்தார்கள், சகோதரர்கள் அவரைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த வசனமே, சபைகள் சமாதானம் பெற்றதைச் சொல்லுகிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் நம்முடைய சபைகள்தான் என் கண்முன் வருகின்றன. சுறுசுறுப்பான ஒரு பையன் கேள்வி கேட்கிறான், கணக்கு எங்கே என்கிறான், ஆராதனை நேரத்தை மாற்றலாமா என்கிறான். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் கமிட்டியில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. பர்னபாவுக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஒருவரும் நம்பாத நாளிலேயே சவுலைக் கைபிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் அவர். சவுல் தர்சுவுக்குப் போன பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.

எங்கள் ஊர்க் கோவிலில் ஓர் உபதேசியார் இருந்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாடம் வாசிக்க என்னை நிறுத்தினார். எனக்குப் பன்னிரண்டு வயது. தானியேல் இரண்டாம் அதிகாரம். நேபுகாத்நேச்சார் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. திக்கினேன், பின்வரிசையில் சிரித்தார்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இனி அந்தக் கோவில் படி ஏறுவதில்லை என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உபதேசியார் கையில் டார்ச் லைட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் வேதப்புத்தகத்தில் அந்தப் பெயரை மூன்று கோடுகளால் பிரித்தார். நே, பு, காத், நேச்சார். பத்துத் தடவை சொல்லவைத்தார். பிறகு, “அடுத்த புதன் மூன்றாம் அதிகாரம், நீதான் வாசிக்கிற” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்றாம் அதிகாரத்தில் அந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறதென்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கு நான் உங்கள் முன் நிற்கிறேன் என்றால், அந்தப் பென்சில் கோடுகள்தான் காரணம்.

நம்முடைய திருச்சபை வரலாற்றையும் சற்றுப் பாருங்கள். மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733இல். அதற்கே இருபத்தேழு வருஷம். ஆங்கிலிக்கன் திருச்சபை முதன்முதலில் ஓர் இந்தியரைப் பேராயராக அபிஷேகம் பண்ணியது 1912 டிசம்பர் 29 அன்று. அவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. ஆரோனுக்கும் அசரியாவுக்கும் நடுவே 179 வருஷம்! “இவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை” என்ற ஒரு சொல் எத்தனை பேரை ஓரமாக உட்காரவைத்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு வலிக்கிறது. அந்நியர் நம்மைப் பார்த்துச் சொன்ன அதே சொல்லை இன்றைக்கு நாம் நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுகிறோம்.

பவுல் என்று பின்னால் அழைக்கப்பட்ட சவுலும் பர்னபாவும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்தார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அதே பயணத்தில், திரும்பும் வழியில், அதே ஊர்களுக்குப் போய் உபவாசித்து ஜெபித்துச் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். விசுவாசத்துக்கு வந்து அதிக நாளாகாத ஜனங்கள்! கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் ஒப்புவித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

அசரியாவும் தாம் பேராயராயிருந்த தோர்ணக்கல்லில் இப்படித்தான் செய்தார். கிராமத்து ஏழை ஜனங்களிலிருந்தே ஊழியர்களை எடுத்தார். கணவனோடு மனைவியையும் சேர்த்துப் பயிற்றுவித்தார். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தி சொல்லுவது என் மேல் விழுந்த கடமை என்று அறிக்கையிடும்படி பழக்கினார். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே அறிக்கை.

தாய்மாரே, பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் கட்டிய கிளாரிந்தாவை மறக்காதீர்கள். முதலில் ஞானஸ்நானமே மறுக்கப்பட்டவர். அவரை எந்தக் கமிட்டியும் நியமிக்கவில்லை.

இனி மாற்கு. பவுலோடும் பர்னபாவோடும் போன முதல் பயணத்தில் பெர்கேயிலிருந்து பாதியில் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டவே வேண்டாம் என்றார் பவுல். பர்னபா விடவில்லை. கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பவுல் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் பர்னபாவின் பக்கம்தான் நிற்பேன். ஏனென்றால், பவுலே தம் கடைசி நாட்களில், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்கு உதவியானவன் என்ற கருத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

நாற்காலி தூக்க, அசனத்துக்குத் தண்ணீர் பரிமாற, கிறிஸ்துமசுக்கு சீரியல் லைட் கட்ட நம் வாலிபர் வேண்டும். சபைக் கணக்கைப் பார்க்க, பிரசங்கம் பண்ண, வீடு சந்திக்க மட்டும் வேண்டாமா? தவறு செய்வார்கள். செய்யட்டும். பக்கத்தில் நாம் இருக்கிறோமே!

இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு பெயரை நினையுங்கள். கோவிலுக்கு வராமல் நின்றுபோன ஒருவர், ஒருமுறை தவறிப் பிறகு வாய்ப்பே கிடைக்காத ஒருவர், யாராவது இருப்பார். வருகிற புதன்கிழமைக்குள் அந்த வீட்டுக்குப் போங்கள். வேதப்புத்தகத்தோடு போங்கள், அவர் வாசிக்கவேண்டிய பகுதியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள்.