பொறுமை எது? பொறுக்கக் கூடாதது எது?

"புருஷன்தானே அடித்தான், பொறுத்துக்கொள்." நம் தாய்மார் தம் பெண்மக்களுக்கு இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மாமியார் சொல்வார், தோட்டத்துத் தலைவர் சொல்வார், சில வேளைகளில் கோவிலை அண்டி வாழ்பவர்களும் சொல்வார்கள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியும் துணைக்கு வரும். கேட்பவள் கிறீஸ்தவப் பெண்ணாயிருந்தால், "அவரவர் சிலுவையை அவரவர் சுமக்கத்தான் வேண்டும்" என்ற புத்திமதியும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் புத்திமதி சரிதானா? அடிபடும் மனைவி அடங்கி இருப்பது புண்ணியமா? அவள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினால் அது பாவமா? ஊவாவின் எந்தத் தோட்டத்திலும், எந்தப் பங்கிலும் எழக்கூடிய கேள்விகள் இவை. தாழ்ந்த குரலில்தான் எழுகின்றன என்பதற்காக நாம் அவற்றுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாகாது.

எந்தச் சமூகத்தின் குறை இது?

'இது குடிகாரர் வீட்டுச் சங்கதி, நம்மவரிடம் இல்லை' என்று சொல்லித் தப்பிக்கொள்வது எளிது. பட்டணத்தார் தோட்டத்தாரைக் காட்டுவார்கள். தோட்டத்தார் நாட்டுப்புறத்தாரைக் காட்டுவார்கள். ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரைக் காட்டுவார்கள். பதுளை மாவட்டத்தில் பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறீஸ்தவரும் அயலவராய் வாழ்கிறோம். ஆகவே, காட்டுவதற்கு நம் ஒவ்வொருவருக்கும் ஓர் அயல் வீடு இருக்கிறது.

உண்மை வேறு. 2019ஆம் ஆண்டு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களிடம் இதைப் பற்றியே விசாரித்தது. கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் அவனால் உடலளவிலோ பாலியல் வழியிலோ கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். உலகளவில், அந்நியரால் நேர்ந்த பாலியல் கொடுமையையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவருக்கு இந்தக் கதி என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஏழை நாடுகளில் இது கூடுதல், ஆனால் செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. கொடுமையே இல்லாத நாடு என்று ஒன்றும் அதில் இல்லை. ஐந்து பேருக்கு ஒருவர் என்றால், ஞாயிறு பூசையில் நம் பக்கத்து வாங்கிலே முழந்தாளிட்டிருக்கும் பெண்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

லயத்திலே 10 அடிக்கு 12 அடிக் காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இங்கே ஓங்கிய கையின் சத்தம் அங்கே கேட்கிறது. பட்டணத்தில் தோட்டமும் மதிலும் சூழ்ந்த வீட்டிலிருந்து சத்தம் தெருவுக்கு வருவதில்லை. பிறர் காதில் விழுவதால் லயத்துக்குக் கெட்ட பேர், விழாததால் மாளிகைக்கு நல்ல பேர். இரண்டையும் வைத்து எந்தச் சமூகத்தையும் எடைபோடலாகாது.

குடி செய்த குற்றமா?

'அவன் நல்லவன், குடிதான் அவனைக் கெடுத்தது' என்று அடிபட்டவளே சொல்வதுண்டு. சாராயமும் கசிப்பும் நம் தோட்டங்களில் செய்த நாசத்தை யாரும் மறுக்க முடியாது. சம்பள நாளன்று எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போகிறது! குடி கோபத்தைக் கூட்டும். அடியின் பலத்தையும் கூட்டும். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குடித்தவன் துரையை அடிப்பதில்லை. கணக்கப்பிள்ளை எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்குகிறான். பொலிஸ்காரரைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று அந்த வெறியிலும் அவனுக்குத் தெரிகிறது. அப்படியானால், 'இவளை அடிக்கலாம்' என்ற தீர்மானம் போத்தலுக்குள்ளிருந்து வரவில்லை. குடிப்பதற்கு முன்னரே அவன் மனதில் அது இருந்தது. குடிக்காத வீடுகளிலும் அடி விழுவதற்குக் காரணம் இதுவே.

அந்தத் தீர்மானம் எங்கிருந்து வந்தது? தோட்ட வாழ்க்கையே ஓர் ஏணியாகக் கட்டப்பட்டிருந்தது. மேலே துரை, அவருக்குக் கீழே உத்தியோகத்தர், அதற்குக் கீழே கங்காணி, அதற்குக் கீழே தொழிலாளி. பெரட்டுக்களத்தில் ஏச்சு வாங்கிய ஆணுக்குத் தன் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் வீட்டில் மட்டுமே கிடைத்தது. கொழுந்து பறித்து உழைத்தவள் மனைவி. அவளுடைய சம்பளத்தைக் கணவனே போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. உழைப்புக்குக் குறைந்த விலை போடப்பட்டவளின் உடலுக்கும் குறைந்த மதிப்பே இருந்ததில் வியப்பென்ன?

ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. தான் மிதிபட்டதைச் சொல்லித் தன்னிலும் மெலிந்தவளை மிதிக்க எவனுக்கும் உரிமை வருவதில்லை. அதே பெரட்டுக்களத்தில் அதே ஏச்சை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் ஆண்களும் நம் லயங்களில் இருக்கிறார்களே!

மோனிக்கம்மாள் காட்டிய வழி

'புனித மோனிக்கம்மாளைப் பார். எவ்வளவு பொறுமை!' என்று நம் பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த அம்மாளின் கணவர் பத்ரீசியுஸ் பெருங்கோபக்காரர் என்றும், அவருடைய கோபம் தணியும்வரை மோனிக்கம்மாள் எதிர்த்துப் பேசாமல் இருந்தார் என்றும் அவர் மகன் புனித அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் அவர் வேறொன்றையும் சொல்கிறார். பத்ரீசியுஸ் தம் மனைவியை அடித்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. முகத்தில் அடித்தழும்போடு வந்து முறையிட்டவர்கள் அவ்வூரின் மற்றப் பெண்கள். மனைவி கணவனுக்கு அடிமை போன்றவள் என்று எண்ணிய உரோமைச் சமுதாயத்தில், அவர்களுக்கு மோனிக்கம்மாள் சொன்ன புத்திமதியும் அந்தக் காலத்துப் புத்திமதியாகவே இருந்தது. அந்த அம்மாளை நாம் வணங்குவது அவருடைய செபத்துக்காகவும் கண்ணீருக்காகவும். உரோமருடைய குடும்பச் சட்டத்துக்காக அன்று.

அக்காலத்திலேயே வேறு குரலும் ஒலித்தது. புனித யோவான் கிறிசோஸ்தோம், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தை விளக்கிய தம் பிரசங்கத்தில், அடிபடும் மனைவியின் ஓலம் சந்துகளில் கேட்பதையும், அயலார் ஓடி வருவதையும் வர்ணித்து, மனைவியை அடிப்பது கணவனுக்கே பேரவமானம் என்று கண்டித்தார். அவரும் பெண்களுக்குப் பொறுமையைப் போதித்தவர்தான். ஆனால் மனைவியின் பொறுமையைக் காட்டிக் கணவனைத் தப்பவிடவில்லை. நாமோ பிரசங்கத்தின் ஒரு பாதியை மட்டும் கேட்டு, மறுபாதியை மறந்துவிட்டோம். 'மனைவியரே, பணிந்திருங்கள்' என்பதைக் கேட்டவர்கள், கணவர் தம் மனைவியரைத் தம் சொந்த உடலைப்போல நேசிக்க வேண்டும் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதியதைக் கேட்கவில்லை. தன் முகத்தில் தானே குத்திக்கொள்பவன் எவன்?

நம் ஆண்டவரின் பொறுமையையும் பார்ப்போம். தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அவரை அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. ஏன் என்னை அடிக்கிறாய் என்று நியாயம் கேட்டார். நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து அவரைத் தள்ளிவிட முயன்றபோது, அவர்கள் நடுவே நடந்து விலகிப் போனார். ஏரோதுவின் கையிலிருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற, புனித சூசையப்பர் இராவோடிராவாக எகிப்துக்குப் புறப்பட்டார். ஆபத்திலிருந்து விலகுவது பாவமானால் திருக்குடும்பம் எகிப்துக்குப் போயிராது. நன்மை ஒன்றுக்காகத் தானே மனமுவந்து ஏற்பதுதான் சிலுவை. ஒருவன் தன் வெறிக்காக இன்னொருத்தியின் முதுகில் ஏற்றுவதற்குச் சிலுவை என்று பேரிடுவது, சிலுவையையே இழிவுபடுத்துவதாகும்.

திருமணப் பந்தம் என்னாகும்?

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். 'கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாதே' என்பார்கள். உண்மைதான். விவாகப் பந்தம் அறாது. ஆனால் பந்தம் அறாமல் இருப்பதும், ஒரே கூரையின் கீழ் அடிபட்டுக் கிடப்பதும் ஒன்றல்ல. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. கணவனோ மனைவியோ மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ உள்ளத்திலோ பாரதூரமான ஆபத்தை விளைவித்தால், மற்றவர் பிரிந்து போக நியாயமான காரணம் உண்டு. ஆயரின் அனுமதியோடு பிரியலாம். தாமதித்தால் ஆபத்து என்றால் தாமாகவே பிரியலாம். காரணம் நீங்கினால் மீண்டும் சேர்ந்து வாழ வேண்டும். காரணம் நீங்குவது என்றால், மறுநாட்காலை அழுது மன்னிப்புக் கேட்பது மட்டுமல்ல. கை உண்மையாகவே ஓய்ந்திருக்க வேண்டும். நலிந்த துணைவரையும் பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்காகப் பிரிவது சில வேளைகளில் ஒழுக்கக் கடமையாகவே ஆகிறது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் போதித்தார். மனைவியை அடிப்பது ஆண்மை அன்று, கோழைத்தனம் என்று 2016இல் குடும்பத்தைப் பற்றிய தம் மடலிலும் எழுதினார்.

'மன்னிக்க வேண்டாமா?' என்றும் கேட்பார்கள். மன்னிக்கத்தான் வேண்டும். மன்னிப்பு உள்ளத்தைப் பகையிலிருந்து விடுவிக்கிறது. உடலை மறுபடியும் அடிக்கு ஒப்புக்கொடுக்க அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் மன்னிப்போடு பரிகாரம் உண்டல்லவா? அந்தப் பரிகாரம் அடித்தவனுக்கு உரியது. அடிபட்டவள் தலையில் அதை வைக்கலாகாது.

'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்' என்பது கடைசி ஆயுதம். அந்தப் பிள்ளைகளோ போர்வைக்குள் விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆண்பிள்ளை அடிப்பதைக் கற்கிறான். பெண்பிள்ளை அடிபடுவதைக் கற்கிறாள்.

நாம் செய்யக்கூடியவை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்தாருக்கும் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. அடிபட்டவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸாரும் கேட்கலாம். அவசரமானால் நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணை வைக்க வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அடித்தவன் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றும் நீதவான் தடுக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கமும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இவ்வித உதவிக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. இவற்றை நம் கோவில் அறிவித்தற்பலகையில் எழுதிப் போடுவதற்கு என்ன தடை?

ஆனால் சட்டம் இருப்பதால் மட்டும் வழி திறந்துவிடாது. தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டுண்டது. அவள் வெளியேறினால் எங்கே போவாள்? தாய்வீடும் ஒரு காம்பிராதான். அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்துக்குப் போனால் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாமலும் போகலாம். போய் வந்தால் ஒரு நாட்சம்பளம் போகும். கடைசியில் 'சமாதானமாய்ப் போங்கள்' என்று இருவரையும் ஒரே பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். ஆகவே, இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கும் பெண்ணை 'ஏன் போகவில்லை?' என்று குற்றஞ்சாட்ட எவருக்கும் உரிமை இல்லை. அவளுக்குப் போக ஓர் இடம் வைத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்க வேண்டும்.

1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய ஆசனத்தை விட்டு ஊவாவின் ஏழைகளிடம் வந்தார். தோட்டத் தொழிலாளிக்கு அநீதி நடந்தால் திருச்சபை பேச வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். மலையில் நடக்கும் அநீதியைப் பேசுகிறவர்கள், லயத்துக் கதவுக்கு உள்ளே நடக்கும் அநீதியைப் பேசாதிருந்தால் அது பாதி நீதியே.

அயல் வீட்டில் ஓலம் கேட்டால் கதவைத் தட்டுவோம். தனியே போகப் பயமானால் நாலு பேராய்ப் போவோம். தலைவர்மாரும் கோவில் சபையாரும் சமாதானம் பேச உட்காரும்போது, முதலில் அவளிடம் தனியே, 'உனக்கு இன்றிரவு பயமில்லாமல் தூங்க முடியுமா?' என்று கேட்கட்டும். முடியாது என்றால், அன்றிரவு அவளும் பிள்ளைகளும் படுக்க இடம் கொடுப்பதே சமாதானத்தின் முதல் வேலை. மரியாயின் சேனையார் வீடு சந்திக்கப் போகும்போது செபமாலை சொல்லி எழுந்து வராமல், சற்று உட்கார்ந்து கேட்கட்டும். விவாக ஆயத்த வகுப்பில் மணமகனிடம் கையைப் பற்றியும் பேசட்டும்.

ஆண்மக்களே, பீடத்தின் முன்னிலையில் ஒருத்தியின் வலக்கையைப் பற்றி வாக்குக் கொடுத்தீர்கள். அந்தக் கை அவளுக்குத் துணையாவதற்குக் கொடுக்கப்பட்டது. அதைக் கண்டு அவள் முகத்தை மறைத்துக்கொண்டால், வாக்கை மீறியவர் வீட்டை விட்டுப் போகிற அவளா, அல்லது கையை ஓங்கிய நீங்களா என்பதைக் கடவுள் திருமுன் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.