நிலமற்ற விருந்து

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் பேச ஆரம்பிக்கிற எவரும் அதைச் சந்தேகிப்பதில்லை. மேடையில் அது நம் ரத்தத்தில் ஊறிய பண்பு. பாடப்புத்தகத்தில் அது குறளின் ஒன்பதாம் அதிகாரம். கல்யாண மண்டபத்தில் அது பந்தி வரிசை. இத்தனை பெருமிதத்துக்கு நடுவில் கேட்கப்படாமலே போய்விட்ட கேள்வி ஒன்று உண்டு. உபசரிப்பவனுக்கு உபசரிக்கும் ஸ்தானத்தை எது தருகிறது? அவனுக்கு வீடு இருக்கிறது என்பதுதான் உடனே வருகிற பதில். அவன் திண்ணைமேல் நிற்கிறான், வருபவன் தெருவில் நிற்கிறான். இந்த இரண்டடி உயர வித்தியாசத்தின் மீதுதான் நமது விருந்தோம்பல் முழுவதும் எழும்பி நிற்கிறது. அப்படியானால் திண்ணையே இல்லாதவன், நிலத்தையே விட்டுவிட்டவன், விருந்தினரை ஏற்க முடியுமா? முடியுமென்றால், அவன் கொடுப்பது என்ன?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகள் எட்டில் ஒன்றுக்கு விருந்து என்று பெயரிடுவது இந்தப் பொருளில்தான். புதிதாக வந்தவன் விருந்து. அவனுக்கு இட்ட சோறும் பிறகு விருந்தாயிற்று. இன்று சோறு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வந்தவனால் வீட்டுக்கு நேர்கிற மாற்றத்தைக் குறித்த சொல், வீடு வந்தவனுக்குக் கொடுக்கிற பண்டத்தைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. அகராதியோடு முடிந்துபோகிற விஷயமில்லை இது. கொடுப்பவன் பக்கமே நின்று சிந்தித்துப் பழகிய ஒரு சமூகத்தின் மனச்சாய்வு இதில் பதிந்திருக்கிறது.

கொடுப்பவன் என்றாலும் அவன் தனியாள் இல்லை. கொலைக்களக் காதையில், கோவலன் பிரிந்திருந்த நாட்களில் தான் இழந்தவற்றைக் கண்ணகி அடுக்கும்போது விருந்தினரை எதிர்கொள்வதையும் அதில் ஒன்றாகச் சொல்கிறாள். செல்வம் இருந்தது, வீடு இருந்தது, அவளும் இருந்தாள்; துணை இல்லாததால் உரிமை இல்லை. ஆகவே மரபு கேட்பவை இரண்டு: ஒரு இல், அதில் இருவர். குறளும் விருந்தோம்பலை இல்லறவியலில்தான் வைத்திருக்கிறது. இந்த இரண்டில் இருவரை வைத்துக்கொண்டு இல்லை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்க வாய்ப்பளிக்கிற ஒரு வாழ்க்கை கடந்த நூற்றாண்டில் வாழப்பட்டிருக்கிறது.

மைல்ஸ் ஸ்மீட்டன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து, 1945ல் பர்மா போர்முனையில் படைப்பிரிவொன்றுக்குத் தலைமை வகித்து, பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். மனைவி பெரில் தனியாகவே பல தேசங்களைச் சுற்றியவர். ஓய்வுக்குப் பின் கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தீவில் பண்ணை வைத்தார்கள். 1951ல், பாய்மரம் ஓட்டிய அனுபவம் ஏதுமில்லாமலே, ஹாங்காங்கில் கட்டப்பட்ட 46 அடிப் படகு ஒன்றை இங்கிலாந்தில் வாங்கினார்கள். அதன் பெயர் ட்ஸூ ஹாங். 1955லிருந்து பல வருஷங்களுக்கு அதுவே அவர்களுடைய வீடு. அதில் நண்பர்கள் வந்து தங்கினார்கள், கூடவே பயணம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் கஸ்வெல் என்ற இளம் தச்சர். ட்ரெக்கா என்று இருபதடி நீளத்தில் தானே கட்டிய சிறு படகில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தவர், அதை நியூசிலாந்தில் கரையேற்றி வைத்துவிட்டு ஸ்மீட்டன் தம்பதியோடு சேர்ந்துகொண்டார். 1956 டிசம்பரில் மூவரும் ஒரு பூனையும் மெல்போர்னிலிருந்து ஹார்ன் முனையை நோக்கிப் புறப்பட்டார்கள்.

1957 பிப்ரவரி 14ஆம் தேதி, தெற்குப் பசிபிக்கில், பின்னாலிருந்து எழுந்த ஓர் அலை படகைத் தலைகுப்புறப் புரட்டியது. அந்த நேரம் சுக்கானைப் பிடித்திருந்தவர் பெரில். கணவரும் விருந்தாளியும் கீழே அறையில் இருந்தார்கள். பெரில் கடலில் வீசப்பட்டார். காயத்தோடு நீந்தி, முறிந்து மிதந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டவரை இருவரும் மேலே இழுத்தார்கள். இரண்டு பாய்மரங்களும் போயின. மேல்தளத்தில் ஒரு பெரிய துவாரம். உள்ளே நீர். மூவரும் வாளியால் இறைத்தார்கள். கஸ்வெல் துவாரத்தைப் பலகையாலும் பாய்த்துணியாலும் மூடினார். கிடைத்த மரத்திலிருந்து தாற்காலிகப் பாய்மரம் செய்தார். மார்ச்சில் சிலியின் கரையைச் சேர்ந்தார்கள். மைல்ஸ் இதை எழுதிய புத்தகம் 1959ல் வந்தது. அதன் பெயர் 'ஒன்ஸ் இஸ் இனஃப்', ஒருமுறை போதும் என்று அர்த்தம். அந்தப் பெயரில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சிலியில் படகைச் செப்பனிட்டுக்கொண்டு 1957 டிசம்பரில் அவர்கள் இருவர் மட்டும் மீண்டும் புறப்பட்டு, மீண்டும் கவிழ்ந்து, மீண்டும் சிலிக்கே திரும்பினார்கள். கடைசியில் அவர்கள் ஹார்ன் முனையைச் சுற்றியது 1968ல். அப்போதும் ஒரு இளம் நண்பர் கூட இருந்தார்.

வீரக்கதையாகப் படித்தால் இதில் சிந்திக்க ஏதுமில்லை. விருந்தோம்பலின் கதையாகப் படிக்கும்போதுதான் நமது வரையறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன.

முதலாவது, வேலை. நம் வீட்டில் விருந்தாளி தட்டை எடுக்கப் போனால் பதறித் தடுக்கிறோம். இந்தத் தடுப்பில் அன்பு இருக்கிறது, கூடவே ஒரு மறுப்பும் இருக்கிறது. எங்களைத் தாங்குகிற எதையும் நீ தொடக்கூடாது என்பது அதன் உட்பொருள். தொட்டால் நீ விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். படகில் இந்த மறுப்புக்கு இடமில்லை. இரவில் முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் மூன்று முறை. படுத்துத் தூங்குகிற தம்பதியின் உயிர் விழித்திருக்கிற விருந்தாளியின் கையில் இருக்கிறது.

இரண்டாவது, விடைபெறுதல். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிறோம். விருந்தாளியின் மிகப் பெரிய நற்குணம் அவன் போய்விடுவது என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. நடுக்கடலில் அவன் போக முடியாது, அனுப்பவும் முடியாது. அவன்மீது கோபம் வந்தாலும் அதே ஆறடி இடத்தில்தான் அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, விலை. படகில் குடிநீர் அளவானது. ஒருவர் கூடினால் எத்தனை நாள் குறையும் என்பது கணக்கு. வீட்டில் அந்தக் கணக்கு நம் கண்ணுக்குப் படாமல் இருக்கிறதென்றால் காரணம் நமது தாராளம் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அந்தக் கணக்கை அடுக்களையில் நிற்கிற பெண் தன் உடம்பால் தீர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே உண்மை. கண்ணகி உரிமை என்று எண்ணி இழந்ததற்காக வருந்திய காரியம் நம் வீடுகளில் பெண்ணின் உழைப்பாகவும் ஆணின் பெயராகவும் பிரிந்துபோயிருக்கிறது. ட்ஸூ ஹாங்கில் அலை வந்தபோது சுக்கானில் இருந்தவர் மனைவி என்பதை அதனால்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ஆட்சேபம் எழலாம். கஸ்வெல் திறமைசாலி, அவரைக் கூட அழைத்துச் சென்றது விருந்தோம்பலா, முன்யோசனையா? நியாயமான கேள்வி. அவர் தச்சர் என்பது தம்பதிக்குத் தெரியும். ஆனால் திறமையைப் பயன்படுத்திக்கொள்வது வேறு, அந்தத் திறமைக்குக் கீழே தன்னை வைப்பது வேறு. கூலிக்கு வந்தவனிடம் நாம் வேலையை ஒப்படைக்கிறோம், நம்மை ஒப்படைப்பதில்லை. படகைக் காப்பாற்றிய கணத்தில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று பிரிக்க முடியாமல் போயிற்றே, அது விருந்தோம்பல் தோற்ற இடம் இல்லை. அது போய்ச்சேர வேண்டிய இடமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதைச் சொல்லக் கீழவைப்பாருக்கு உரிமை உண்டு. வைப்பாற்றின் முகத்துவாரத்தில், முத்துக்குளித்துறையின் பழைய பரதவத் துறைகளில் ஒன்றாக இருக்கிற இந்த ஊரில் யாரும் படகில் குடியிருப்பதில்லை. படகு பிழைப்பு, வீடு கரையில். வயதானவர் படகை விட்டு இறங்கிக் கரையில் வலை பொத்துவார். ஓய்வு பெற்ற பின் கடலுக்குப் போவதென்பது ஓய்வூதியம் உள்ளவர்களின் தலைகீழ் ஆசை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலில் குரூஸ் மிக்கேல் வள்ளத்தை விற்க மனமில்லாமல் தவிப்பதற்குக் காரணம் சாகசம் இல்லை. வள்ளம் போனால் அவன் யார் என்பதே போய்விடும். ஸ்மீட்டன் தம்பதி கடலைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே கடல் மனிதர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் பேசுகிற எந்தத் தத்துவமும் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான்.

ஆனால் அந்தத் தம்பதி தலைகீழாகப் புரண்டு கற்றுக்கொண்டதை இந்தக் கரை ஏற்பாடாகவே வைத்திருக்கிறது. வள்ளத்தில் விருந்தாளி கிடையாது. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஏறியவனுக்குப் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும், தத்துவம் மாறாது. ஏறினால் பங்கு உண்டு, பங்கு உண்டென்றால் பொறுப்பும் உண்டு. இங்கே மீனவர்கள் தீவுகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள்: ஒன்று நல்லதண்ணித் தீவு, ஒன்று உப்புத்தண்ணித் தீவு. ஒதுங்கியவனுக்குக் குடிக்க என்ன தரும் என்பதே ஒரு நிலத்தின் பெயராகிவிட்டது. நிலமும் அப்படியொன்றும் நிரந்தரமில்லை. தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்த விலாங்குச்சல்லித் தீவு இன்று கடலுக்கடியில் இருக்கிறது. திண்ணைமேல் நிற்பவன் இதை யோசிப்பது நல்லது.

1795ல் காண்ட், நிரந்தர சமாதானம் பற்றிய தன் கட்டுரையில், விருந்தோம்பலைக் கருணையிலிருந்து எடுத்து உரிமையில் வைத்தார். பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப்போக முடியாது, ஆகவே ஒருவரையொருவர் சகித்தாக வேண்டும். வந்தவனுக்கு வந்து பார்க்கும் உரிமை உண்டு, குடியிருக்கும் உரிமை இல்லை. அவனுக்கு அழிவு நேராதென்றால் மட்டுமே அவனைத் திருப்பியனுப்பலாம். இந்த வாதத்தில் கப்பல் ஒரு வாகனம், கடல் ஒரு வழி. கடலில் யாரும் இருப்பதில்லை, கடக்கிறார்கள். அதனால் வந்து சேர்ந்தவன் எப்போதும் கரையின் தயவில் நிற்கிறான், உபசரிப்பவன் எப்போதும் கரையில் இருக்கிறான். கருணையை உரிமையாக்கிய காண்ட்டும் திண்ணையின் உயரத்தைக் குறைக்கவில்லை.

அது குறையாததன் விளைவை நாம் தூரத்தில் போய்த் தேட வேண்டாம். 1983லிருந்து இதே மன்னார் வளைகுடாவின் வடகோடியில், ராமேஸ்வரம் கரையில், படகுகளில் வந்து இறங்கியவர்களை நாம் ஏற்றுக்கொண்டோம். அதில் உண்மையான இரக்கம் இருந்தது. அதை இல்லையென்பது அநியாயம். மண்டபம் தொடங்கி இந்த மாவட்டத்தின் தாப்பாத்தி வரை முகாம்கள் எழுந்தன. 2021ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். முகாமில் பிறந்து முகாமிலேயே பெற்றோரானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இந்நாட்டின் குடிமக்கள் இல்லை. நாற்பது வருஷம் விருந்தாளியாக வைத்திருப்பது ஒருவனை நாற்பது வருஷம் உட்காரச் சொல்வது. தட்டைத் தொடாதே, சுக்கானைத் தொடாதே, இரவுக் காவல் எங்களுடையது. உதவித்தொகை கொடுத்தோம், பங்கு கொடுக்கவில்லை. நம் விருந்தோம்பலின் பெருமை எவ்வளவு, எல்லை எவ்வளவு என்பது இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

முத்துக் குளிப்பவனுக்குக் கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் ஒரு வழக்கு சொல்வார்கள். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, வழக்கு மட்டும் இருக்கிறது. உடன்பிறந்தவனிடம் கயிற்றைக் கொடுக்காதே, நீ மூழ்கினால் அவனுக்குச் சொத்து. மைத்துனனிடம் கொடு, நீ மூழ்கினால் அவன் தங்கை தாலியிழப்பாள். இதில் உணர்ச்சி ஏதுமில்லை. அன்பை நம்பச் சொல்லவில்லை. இழக்க ஏதோ ஒன்று உள்ளவனை நம்பச் சொல்கிறது. மைத்துனன் வேறு வீட்டுக்காரன், உறவால் உள்ளே வந்தவன், பழைய அர்த்தத்தில் விருந்து. ஆழத்தில் இருப்பவனின் மூச்சு மேலே இருக்கிற அவன் கையில்.

விருந்தோம்பல் என்ற சொல்லை நாம் வைத்துக்கொள்வதானால் அதற்கு இந்த அர்த்தத்தைத் திருப்பித் தர வேண்டும். சோறு போடுவது சுலபம். வசதி உள்ளவன் யாரும் செய்யலாம், செய்தபின் உயர்ந்தும் நிற்கலாம். வந்தவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குவது கஷ்டம். அவன் அதை விட்டுவிடக் கூடும். அப்படி விட்டால் தானும் எதையாவது இழப்பான் என்கிற அளவுக்கு அவனுக்கு நம்மிடம் பங்கு இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காதவரை நாம் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.