கொடுப்பவரை அறிவது

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்து நார்த்தாமலையில், விஜயாலய சோழீச்சுரத்தின் துவாரபாலகர் ஒருவரின் காலடியில் பொறித்திருக்கும் சாஸனம், சாத்தன் பூதி எடுப்பித்த கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்னும் செய்தியோடு நின்றுவிடுகிறது. எடுப்பித்தவன் பெயர் இருக்கிறது, புதுப்பித்தவன் பெயர் இருக்கிறது, இடிந்த காரணமும் இருக்கிறது. பக்தியால் செய்தானா, புகழாசையால் செய்தானா என்பதைக் கல் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இக்காலத்துத் தர்ம ஸ்தாபனங்கள் கேட்கத் தொடங்கியிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அங்கத்தினருக்கு வயதென்ன, எந்த மாதத்தில் பணம் அனுப்புகிறார், எந்தப் படத்தைக் கண்டால் மனம் இளகுகிறார், சென்ற ஆண்டு கொடுத்தவர் இந்த ஆண்டு ஏன் கைவிட்டார் என்றெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைக் கணினியில் ஏற்றி, அவரவர் மனப்போக்குக்குத் தக்கபடி கடிதம் எழுதுகிறார்கள். வரவு தெரியாமல் அன்னதானத்துக்கு உலை வைக்க முடியாது. ஆகையால் கணக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒருவன் கொடுத்த பொருளை அறிவதும் கொடுத்த மனத்தை அறிவதும் ஒன்றாகுமா என்பதே என் ஐயம்.

பிரதியுபகாரம் செய்ய இயலாதவனுக்குக் கொடுப்பதையே சாத்விக தானம் என்று கீதையின் 17ஆம் அத்தியாயம் வகுக்கிறது. ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர், வறியவருக்கு அல்லாமல் பிறருக்குக் கொடுப்பதை, திரும்பப் பெறும் எண்ணத்தோடு அளந்து கொடுக்கும் கடனோடு சேர்த்துவிட்டார். வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, ஏழைக்கு மறைவாகக் கொடுப்பது அதனினும் நன்று என்பது குர்ஆனின் கருத்து. இந்த மறைவை நம் வருமானவரிச் சட்டம் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது: பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீத வரி என்று 2006இல் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆயினும் முழுக்கச் சமயம் சார்ந்த ஸ்தாபனங்களுக்கு அதிலிருந்து விலக்களித்தபடியால், கோயில் உண்டியலில் மடித்துப் போட்ட நோட்டு யாருடையது என்று வரி அதிகாரியும் கேட்பதில்லை.

இதே மாவட்டத்தில், கீரமங்கலம், வடகாடு பக்கம், ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. கறிச்சோறு போட்டு, வந்தவரின் ஊர், பெயர், தொகை மூன்றையும் நோட்டில் எழுதி, அந்த நோட்டை நிலப்பத்திரத்தைப் போலப் பீரோவில் வைத்துக் காக்கிறார்கள். மொய் எழுதியவர் விருந்து வைக்கும்போது பழைய மொய்யைத் திருப்பிச் செய்து, புது மொய்யும் சேர்த்து எழுதுவது முறை. இதை யாரும் தானம் என்று அழைப்பதில்லை. கொடுக்கல் வாங்கல் என்றே சொல்லுகிறார்கள். மொய் நோட்டின் கூர்மையோடு ஆளை எடைபோட்டுவிட்டு, கடிதத்தில் மட்டும் தர்மம், புண்ணியம் என்று எழுதும் ஸ்தாபனத்தைக் காட்டிலும் அந்த விருந்துப் பந்தல் எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

சோழர் காலத்துக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடுவார்கள். கிழடு கழிந்தாலும் குட்டி சேர்ந்து தொகை குறையாதிருக்க வேண்டுமென்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடுகளை ஏற்ற இடையன் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் உழக்கு என்பது வரையில் சாஸனம் சொல்லும். கொடுத்தவனை மறுபடி கொடுக்கவைப்பதற்கு அந்த எழுத்து பயன்பட்டதாகத் தெரியவில்லை. வாங்கியவனைக் கட்டுப்படுத்தவே அது பயன்பட்டது. இன்றைய கேள்வித்தாளும், தாங்கள் தந்தது தாங்கள் சொன்னபடி செலவாயிற்றா என்று கேட்டு, ஆகவில்லை என்ற பதிலையும் அச்சிடத் துணியுமானால், அதை நிரப்பித் தர எனக்குத் தடையில்லை.

ஆனால் எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும் அது பட்டியலில் உள்ளவரைத்தான் சென்றடையும். 2022 டிசம்பரில், இம்மாவட்டத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள், அதுவரை நுழைய விடப்படாதிருந்த தலித் மக்களை மாவட்ட அதிகாரிகள் அழைத்துச் சென்றார்கள். அத்தகைய கோயிலொன்றின் உபயதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு ஊராரின் பக்தியை அளக்கப் புகுபவர், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஆசைப்பட்டும் வாசலோடு நிறுத்தப்பட்டவரின் பெயரை எந்தப் பத்தியில் எழுதுவார்?