செத்த கப்பலும் செத்த மாடும்

2012 அக்டோபர் 31, நீலம் புயலன்று, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் அடித்து வரப்பட்டுப் பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியது. படகில் இறங்கித் தப்பிக்கப் பார்த்தவர்களில் ஆறு பேர் செத்துப்போனார்கள். சம்பள பாக்கி, சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு என்று பிறகு செய்திகள் வந்தன. கரையில் திருவிழாக் கூட்டம். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து நானும் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "இத்தாம் பெரிய பொணத்த யாருப்பா தூக்குவா?"

எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்தது.

ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். "மாடு செத்துக் கெடக்குது, வந்து இழுத்துட்டுப் போ." பால் கறந்தவரை, ஏர் உழுதவரை மாடு ஆண்டையுடையது. செத்த நிமிஷத்தில் அது எங்களுடையதாகிவிடும். வைத்துத் தின்றவன் சுத்தம், தூக்கிப் போட்டவன் தீட்டு. எங்கள் காஞ்சியில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். புழுவை உயிரோடு வேகவைத்து எடுத்த பட்டு, சாமிக்குச் சாத்தும் மடித்துணி. தானாகச் செத்த மாட்டின் தோல் தீட்டு. ஆக, தீட்டு பொருளில் இல்லை. அதைத் தொடுகிறவன் யார் என்பதில் இருக்கிறது.

கப்பலுக்கும் இதே நியாயம்தான். பிரெஞ்சுக் கடற்படை ஓட்டி முடித்த கிளெமென்சோ என்ற போர்க்கப்பலை, ஆஸ்பெஸ்டாஸோடு 2005 டிசம்பரில் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே உடைப்பவர்கள் ஒரிசா, பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள். எதிர்ப்புக் கிளம்பி, 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைத்தார்கள். உடைத்த வெள்ளைக்காரத் தொழிலாளி யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. முடியாத வேலை என்று இதுவரை சொன்னதெல்லாம் செலவு செய்ய மனசில்லாத வேலை, அவ்வளவுதான்.

2025 ஜூனில் ஹாங்காங் ஒப்பந்தம் அமலுக்கு வந்திருக்கிறது. இனிக் கப்பலோடு நச்சுப் பொருட்களின் பட்டியலும் வர வேண்டும். நல்லதுதான். ஆனால் பட்டியலோடு நஞ்சும் வரும்.

"அந்த வேலையும் போனா அவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" என்று தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்க தாத்தாவிடமும் இதைத்தான் கேட்டார்கள். 2016 ஜூலையில் அதே குஜராத்தில், ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித்துகளை அடித்தார்கள். அதற்குப் பிறகு நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் அலுவலகத்தில் போட்டார்கள். உன் மாட்டை நீயே எடுத்துக்கொள் என்றார்கள். பசி அவர்களுக்கும் இருந்தது.

வேலை கேவலமில்லை. கப்பலை யாராவது உடைத்துத்தான் ஆக வேண்டும். லாபம் பார்த்தவன் அதைச் சுத்தம் செய்து, செலவைக் கட்டி, உடைப்பவனுக்குக் காப்பும் முழுக்கூலியும் கொடுக்கட்டும். முடியாது என்று சொல்லும் உரிமை உடைப்பவனுக்கு இருக்கட்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் கூலி என்று கொடுப்பதெல்லாம் ஆண்டை போட்ட படிதான்.

அந்தப் பெரியவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டால் சொல்வேன்: "வச்சிருந்தவன் தூக்கட்டும், ஐயா."