ஊக்கம் முன்னதா, முயற்சி முன்னதா?

ஆய்வுப் பணியில் ஆர்வம் வற்றிப்போன அறிவியலாளரும், உடற்பயிற்சியைக் கைவிட்டுப் பல மாதங்களான ஒருவரும் தத்தம் நிலைக்குப் பெரும்பாலும் ஒரே காரணத்தையே கூறுகின்றனர்: மனம் வரவில்லை, மனம் வந்ததும் தொடங்கலாம் என்பது அவர்கள் வாதம். எளிதாகத் தோன்றும் இக்கூற்றுக்குள் ஒரு தத்துவக் கோட்பாடு ஒளிந்திருக்கிறது. விருப்பமே காரணம், செயல் அதன் விளைவு, ஆகவே காரணம் தோன்றாதபோது விளைவை எதிர்பார்ப்பது வீண் என்பதே அது. இந்த வரிசை சரிதானா என்ற வினாவை, உளவியல் ஒரு துறையாக உருவாவதற்கு நெடுங்காலம் முன்னரே துறவிகள் எழுப்பியுள்ளனர். அவர்களுக்கு அது ஏட்டு வினா அன்று, அன்றாடம் வாட்டிய இடர்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்னும் கிறித்தவத் துறவி, தனித்துத் தவம் புரிவோரைப் பீடிக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் ஒன்றாக ‘அக்கேடியா’வைக் குறிப்பிட்டார், தான் விரும்பி மேற்கொண்ட பணியின் மீதே கசப்பும் அசதியும் படர்வதை அது குறிக்கும். அவர் தரும் வருணனை வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானது. நண்பகலை ஒட்டி இந்நிலை தாக்கும்போது பொழுது நகரவே நகராததுபோல் தோன்றும். துறவி அடிக்கடி சாளரத்தைப் பார்ப்பார், வெளியே வந்து உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் உள்ளது என்று கதிரவனை நோட்டமிடுவார், இருக்கும் இடத்தையும் செய்யும் கைத்தொழிலையும் வெறுப்பார், வேறோர் இடத்துக்குப் போனால் எல்லாம் எளிதாகிவிடும் என எண்ணுவார். பாதியில் நின்ற ஆய்வுக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்ப்பவருக்கு இதற்கு உரை தேவைப்படாது.

அவருடைய மரபில் வந்த ஜான் காசியன், 5ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலொன்றில், இதற்கு மருந்தாக உடலுழைப்பைப் பரிந்துரைத்துப் பவுல் என்ற முதிய துறவியைச் சான்று காட்டுகிறார். பவுல் வாழ்ந்த இடம் ஊர்களிலிருந்து பல நாள் நடைத் தொலைவில் இருந்ததால், அவர் உழைத்துச் சேர்த்ததை விற்கக் கொண்டுசெல்லும் கூலியே அதன் விலையை மிஞ்சிவிடும். எனினும் அவர் நாள்தோறும் தமக்கென ஓர் அளவு வகுத்துப் பனையோலைகளைச் சேர்த்து உழைத்தார். ஆண்டு முழுதும் உழைத்ததால் குகை நிரம்பியதும், எல்லாவற்றையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். பயன் முற்றிலும் நீக்கப்பட்ட பின்னும் செயலுக்கு ஏதேனும் மதிப்பு எஞ்சுமா என்பதை இதைவிடக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர் அரியர்.

மேற்கத்தியத் திருச்சபை மரபில் அக்கேடியா பிற்காலத்தில் சோம்பல் என்னும் தலையாய பாவமாக உருமாறியது. பதஞ்சலியின் யோக சூத்திரமோ, முதற்பாதத்தின் 30ஆம் சூத்திரத்தில், மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைக் கூறும்போது நோயை முதலில் வைத்து, மனத்தின் மந்தநிலை, ஐயம், சோம்பல் ஆகியவற்றையும் அதே வரிசையில் அடுக்குகிறது. அடுத்த சூத்திரம் துயரத்தையும் மனத்தளர்ச்சியையும் உடல் நடுக்கத்தோடும் சீரற்ற மூச்சோடும் சேர்த்தே பேசுகிறது. உடலின் தளர்ச்சிக்கும் மனத்தின் தளர்ச்சிக்கும் தனித்தனி ஏடுகள் அங்கே இல்லை. திருக்குறளும் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது பொருட்பாலிலேயே. குடியைக் கெடுக்கும் நடைமுறைக் கேடாகவே மடி அங்கு எடைபோடப்படுகிறது.

ஊக்கம் முன்னதா, முயற்சி முன்னதா என்ற வினாவைத் தம் வாழ்விலேயே சுமந்த அறிவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1869இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றும் தொழிலில் இறங்க இயலாமல், கடும் மனச்சோர்வில் மூழ்கியிருந்த அவர், 1870 ஏப்ரலில் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேயின் கட்டுரையைப் படித்தபின், மனிதருக்குத் தன்விருப்பாற்றல் உண்டு என நம்புவதையே தம் தன்விருப்பாற்றலின் முதற்செயலாகக் கொள்வதென நாட்குறிப்பில் எழுதினார். 1884இல் அவர் வெளியிட்ட உணர்ச்சிக் கோட்பாடு வரிசையை வெளிப்படையாகவே தலைகீழாக்கியது: உடலில் மாற்றம் முதலில் நிகழ்கிறது, அம்மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி. 1906இல் அமெரிக்க மெய்யியல் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், ஓடுபவர் அறிந்த ‘இரண்டாம் மூச்சு’ (களைப்பின் முதல் தடையைத் தாண்டியபின் எதிர்பாராமல் சுரக்கும் புதிய வலிமை) அறிவுழைப்பிலும் உண்டு என்றும், பெரும்பாலோர் தம் ஆற்றலின் எல்லைக்கு வெகு முன்னரே பழக்கத்தால் நின்றுவிடுகின்றனர் என்றும் வாதிட்டார். அதே உரையில், ஹடயோகப் பயிற்சியால் புத்துயிர் பெற்ற ஐரோப்பிய நண்பர் ஒருவரின் நிலையை விரிவாக எடுத்துக்காட்டி, வழக்கமாகப் பயன்படாத ஆழ்ந்த மனவலிமையை முறையாக எழுப்பும் வழியாக அப்பயிற்சி இருக்கலாம் எனக் கருதினார்.

ஆனால் மனவலிமையை மட்டும் நம்புவது ஊக்கமிழந்தவரின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவும் முடியலாம். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் மீட்சி வேறு பாதையில் நிகழ்ந்தது. 1945இல் மனைவியை இழந்து, அணுகுண்டுத் திட்டத்திலிருந்து விலகிக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், இனித் தம்மால் எதையும் கண்டுபிடிக்க இயலாது என எண்ணியிருந்தார். பின்னர், முக்கியத்துவத்தைக் கருதாமல் இயற்பியலோடு விளையாடுவதென முடிவு செய்தார். சிற்றுண்டிச் சாலையில் ஒருவர் மேலே வீசிய தட்டு தள்ளாடியபடியே சுழல்வதைக் கண்டு, தள்ளாட்டத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். (தட்டு ஒருமுறை சுழல்வதற்குள் ஏறத்தாழ இருமுறை தள்ளாடும், தம் நினைவுக் குறிப்பில் அவர் இதை மாற்றிச் சொல்லிவிட்டார்.) இதனால் என்ன பயன் என்று மூத்த இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே கேட்டபோது, ஒரு பயனும் இல்லை என்று மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். 1965இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த ஆய்வுக்கு அந்த விளையாட்டே தம்மைத் திரும்ப அழைத்துச் சென்றது என்பது அவர் கருத்து. ஓலையை எரித்த துறவியும் தட்டைக் கணக்கிட்ட இயற்பியலாளரும் நம்பிக்கையால் எதிரெதிர் துருவங்கள். இருவரும் செயலிலிருந்து கழற்றி எறிந்தது ஒன்றையே. செய்வது தகுதியானதா என்ற விசாரணைதான் அது, ஊக்கத்தை உண்மையில் தின்பதும் அதுவே.

அறிவுப்பணிக்குத் திரும்ப விரும்புவோர் உடலிலிருந்து தொடங்குவதில் பொருள் இருப்பதும் இதனால்தான். மாலை அரைமணி நேர நடையிடம் அது அறிவுலகுக்கு என்ன சேர்த்தது என்று எவரும் கேட்பதில்லை. எடைதூக்கும் பயிற்சியின் முதற்சில வாரங்களில் கூடும் வலிமைக்குத் தசை வளர்ச்சி பெரும்பாலும் காரணமன்று. இருக்கும் தசை இழைகளை மேலும் திறமாக இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே காரணம். அதாவது கண்ணாடியில் எதுவும் தெரியாத காலத்திலேயே உள்ளே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. முன்பு பயின்று பின்னர் கைவிட்ட உடல், புதிதாகப் பயிலும் உடலைவிட விரைவாக மீள்வதும் அறியப்பட்டதே.

உடலிலிருந்து தொடங்கும் இவ்வழிக்கும் எல்லை இல்லாமல் இல்லை. இரண்டாம் மூச்சைப் போற்றிய ஜேம்ஸ், அந்த 1906 உரைக்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1898இல், அடிரோண்டாக் மலைகளில் அளவுமீறி ஏறி இதயத்தைக் கெடுத்துக்கொண்டவர். சமய அனுபவங்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற எடின்பரோ உரைகள் அந்த நோயால் தள்ளிப்போய், 1901இல்தான் தொடங்கின. பழக்கம் விதித்த தடையையும் உடல் விதித்த தடையையும் உள்ளிருந்து உணர்பவரால் எப்போதும் பிரித்தறிய இயல்வதில்லை. பதஞ்சலியின் பட்டியலில் நோய் முதலிடத்தில் நிற்பதை இவ்விடத்தில் நினைக்கலாம்: வாரக்கணக்கில் நீளும் களைப்பில் குருதிச்சோகையோ தைராய்டுக் குறைவோ மனச்சோர்வு நோயோ உள்ளதா என்று முதலில் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவை இல்லை எனத் தெளிந்தபின் எஞ்சும் அசதியைப் பற்றியதே காசியனும் ஜேம்ஸும் கூறும் மருந்து.