யோகமும் ஆசனமும்

யோகம் என்னுஞ் சொல் இக்காலத்திலே பெரும்பாலும் உடம்பை வளைத்து நிமிர்த்தும் பயிற்சிக்கே பெயராக வழங்குகின்றது. ஐக்கிய நாடுகள் சபை ஜூன் மாதம் 21ஆந் திகதியைச் சர்வதேச யோக தினமென 2014ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தபின், பாடசாலைகள் பலவற்றிலும் அந்நாளில் ஆசனப் பயிற்சி நிகழ்கின்றது. தேகசுகம் வேண்டற்பாலதே. ஆயின், யோகம் அவ்வளவில் முடிந்துவிடுமோ என்பது ஆராயற்பாலது.

யோகம் என்பதற்குக் கூடுதல் என்பது பொருள். பதஞ்சலி முனிவர் சித்தத்தின் அலைவை ஒடுக்குதலையே யோகம் என்றார். அவர் சூத்திரங்கள் ஏறக்குறைய 200. அவற்றுள் ஆசனத்தின் இலக்கணம் கூறுவன 3 மாத்திரமே. திருமந்திரத்து மூன்றாந் தந்திரமும் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என அட்டாங்கங்களை முறையே வகுக்கின்றது. ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னே கொல்லாமை, பொய்கூறாமை, கள்ளாமை முதலிய இயமமும், தூய்மை, பொறை, தவம், சிவபூசை முதலிய நியமமும் நிற்கின்றன. அவற்றை விடுத்து ஆசனம் பயிலுதல் அத்திவாரமிடாது சுவரெழுப்புதலை ஒக்கும்.

உடம்பு அசையாதிருப்பின் மனமுந் தானே அடங்கும் எனின், அற்றன்று. நீர்க்கரையிலே ஒற்றைக்காலில் நிற்குங் கொக்கும் அசையாதே நிற்கின்றது. அதன் நினைவோ மீன்மேலது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தம். நினைவு சினத்தைச் சாரின் ஆன்மா சினத்தோடு கூடும். சிவத்தைச் சாரின் சிவத்தோடு கூடும். பின்னையதே சைவர் கொள்ளும் யோகமாம்.

ஈண்டு எம் பிழையொன்றை மறையாது கூறுதும். போட்டியொன்றிற்கு மாணவரை யாம் ஆயத்தஞ் செய்த நாளிலே, சிறுவனொருவன் கால் நடுங்கி நிலை தவறினான். பரிசில் கைநழுவுமென்னும் அச்சத்தாற் சினந்து, அவனைப் பலர்முன் இழித்துரைத்தேம். அவன் யாதும் பேசாது, மீண்டுங் காலை மடித்து அமர்ந்தான். பொறை என்னும் நியமத்தை அன்று காத்தவன் அம்மாணவன். இழந்தவர் ஆசிரியராகிய யாம். மறுநாள் வகுப்பினர் முன்னிலையிலே பிழை பொறுக்கும்படி அவனை வேண்டினேம்.

ஆசிரியர்காள், ஆசனங் கற்பித்தலை ஒழிக என்பது எம் கருத்தன்று. அப்பாடத்தைத் தொடங்குமுன் ஒருகணம் திருவைந்தெழுத்தைச் சிந்தித்து, நம் நினைவு எதனோடு கூடி நிற்கின்றது என நம்மையே வினவுவோமாக. அவ்வினாவிற்கு மெய்யான விடை கூறுதலே இயமத்தின் தொடக்கம்.