கொடுத்தது யார் பணம்?

காஞ்சிபுரத்தில் காமாட்சி அம்மனுக்குப் பட்டுப் புடவை சாத்துவதும் உண்டியலில் காணிக்கை போடுவதும் அன்றாட வழக்கம். வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைக் கழிவு விதியில் இரண்டுக்கும் இடமில்லை. பொருளாகக் கொடுத்த நன்கொடைக்குக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. உண்டியலில் விழும் நோட்டுக்கோ ரசீதே இல்லை.

கழிவு உள்ள கொடை வேறு. வரலாற்று, கலைச் சிறப்புடையது என்றோ மாநிலமெங்கும் புகழ்பெற்றது என்றோ மத்திய அரசு அறிவித்த வழிபாட்டுத் தலத்தின் திருப்பணிக்கு வங்கி வழியாகக் கொடுத்தால், அதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதற்கு வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளை 2020இல் இப்படி அறிவிக்கப்பட்டது. மசூதிக்கும் தேவாலயத்துக்கும் குருத்வாராவுக்கும் இதே விதிதான். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

பக்தியுள்ளவர்களுக்கு இங்கே ஓர் உறுத்தல் எழுகிறது. வரி குறையும் என்று தெரிந்து கொடுப்பது தானமாகுமா? கைம்மாறு கருதாத கொடையைத்தான் கீதையின் 17ஆம் அத்தியாயம் சாத்விகம் என்கிறது. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தை இந்த வேறுபாட்டோடுதான் தொடங்குகிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 சதவீத வரி கட்டுபவர் திருப்பணிக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறார். கழிவு 5,000. செஸ் உட்பட அவருக்கு மிச்சமாகும் வரி 1,560 ரூபாய். மீதி 8,440 ரூபாய் திரும்பி வராது. அது அவர் மனமுவந்து கொடுத்தது. அந்தக் கொடையில் குறை காண எதுவுமில்லை.

ஆனால் அந்த 1,560 ரூபாய் கருவூலத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்பவர் வாங்கும் சோப்புக்குக் கட்டும் ஜிஎஸ்டியும் சேர்கிற கருவூலம் அது. ஆகவே உபயதாரர் பலகையில் ஒருவர் பெயர் இருந்தாலும், பெயரில்லாத பலர் அந்த உபயத்தில் பங்காளிகள். வரிக்கழிவு தானத்தின் புண்ணியத்தைக் குறைக்கிறதா என்பதைவிட, அது தானத்தை ஊருக்குப் பொறுப்புள்ளதாக ஆக்குகிறது என்பதே முக்கியம்.

காஞ்சிக்கு இது புதிதல்ல. 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன், அன்று கச்சிப்பேடு எனப்பட்ட இவ்வூரில் நிறுத்தல், அளத்தல் கூலியாக வந்த வருவாயை ஊரகத்துப் பெருமாளுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, ஒதுக்கியதைச் செப்பேடு சொல்கிறது. அத்தோடு விடவில்லை. கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பை இவ்வூர் நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைத்தான். ஊர்ப் பணம் போகும் இடத்தை ஊரார் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இன்று அந்த வேலையில் ஒரு பகுதியை வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்று செய்கிறது. நன்கொடை பெற்ற அமைப்பு கொடுத்தவரின் விவரத்தை வரித்துறைக்குத் தெரிவித்த பிறகே இந்தச் சான்று கிடைக்கும். சான்றிலுள்ள தொகையையும் பான் எண்ணையும் சரிபார்த்துவிட்டே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கொடுக்காத பணத்துக்குப் போலி ரசீது வாங்கிக் கழிவு கேட்டவர் பிடிபட்டால், ஏய்த்த வரியைப்போல் இரு மடங்கு அபராதம். சாமி பெயரைச் சொல்லி அவர் எடுத்துக்கொள்வது அந்தத் தறிக்காரரின் பங்கையும் சேர்த்துத்தான்.